ஐஸ் பெட்டியில் வந்த ஊசி

நான் பயந்தாங்கொள்ளி கிடையாது. எங்கள் கோழிப்பண்ணையில் தீவன மூட்டைக்குப் பின்னால் பாம்பு புகுந்தால் ஆளைக் கூப்பிட மாட்டேன், நானே குச்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் இரண்டாவது முறை வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து, பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கூடவே தும்மியவர் மேல் கோபமும் வரும். நாமக்கல் பஸ்ஸில் ஒரு பெரியவர் இரண்டு தரம் இருமினார் என்பதற்காக அவரை நான் முறைத்த முறைப்பில், பாவம், எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டார்.

முதல் பிள்ளை காய்ச்சலில் போனது. வயிற்றில் ஆறாம் மாதம், நல்ல மழைக்காலம். ஊரெல்லாம் சளியும் இருமலுமாகக் கிடந்தது. எனக்கும் வந்தது. வந்தால் என்ன, நாலு நாளில் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மிளகுக் கசாயம் குடித்தேன், மாத்திரை போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. நாமக்கல்லில் சேர்த்து, அங்கே முடியாது என்று சேலத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து நான் மட்டும் வீடு திரும்பினேன். ஆண் குழந்தை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

என் மாமியார் அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். காய்ச்சல் ஒன்றும் செய்யவில்லை, ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள்தான் பிள்ளையைக் கொன்றன என்று. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னார். என் கணவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்துக்கு நான் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அம்மா சொல்வதைத்தான் மகனும் நம்புகிறார், என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று.

இரண்டாவது முறை ஐந்தரை மாதத்தில் நாமக்கல்லில் பார்க்கும் லேடி டாக்டர் சீட்டில் ஒரு ஊசியை எழுதினார். "ஃப்ளூ தடுப்பூசி. போன தடவ உனக்கு வந்தது ஃப்ளூதாம்மா. இதப் போட்டா அது வந்தாலும் அவ்வளவு மோசமாப் போகாது. உனக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு. மழை புடிக்கறதுக்குள்ள போட்டுக்கோ," என்றார். இப்படி ஒரு ஊசி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போன தடவை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கீழே மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். தீர்ந்துவிட்டதாம். "இது வருஷா வருஷம் புதுசா வர்றதுங்க. இந்த வருஷத்துது இன்னும் வரலீங்க" என்றார்கள். எப்போது வரும் என்றால் அவர்களுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாவைக் கேட்டேன். கர்ப்பிணிகளுக்குப் போடும் ரண ஜன்னி ஊசிதான் அவர்களிடம் இருக்கிறது, இது அரசாங்கப் பட்டியலில் வராது என்றார். நாமக்கல் கடைவீதியில் ஒரு பெரிய மருந்துக் கடையில் போய், "ஃப்ளூ தடுப்பூசி இருக்குங்களா?" என்றேன். கடைக்காரர் தலை நிமிராமல், "எத்தனை ஆயிரம் டோஸ் வேணுங்க?" என்று கேட்டார்.

நாமக்கல்லில் அது சகஜமான கேள்விதான். இங்கே தடுப்பூசி என்றால் முதலில் கோழி ஞாபகம்தான் வரும். நான் கல்லா மேஜைக்கு மேலே என் வயிறு தெரிகிற மாதிரி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "அய்யோ, மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று தெருவுக்கு வந்து அழுதேன். கோழிக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, எனக்கு ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. எங்கள் எருமப்பட்டி பக்கம் வீட்டுக்கு வீடு இருமல். பால்காரருக்கு வந்தது, பக்கத்துத் தோட்டத்தில் வந்தது. என் கணவர் வீட்டு வாசலில் பண்ணை முறையைக் கொண்டுவந்தார். கோழி ஷெட்டுக்குள் போகிறவர்கள் மருந்துத் தண்ணீர்த் தட்டில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வெளியாட்கள் கேட்டுக்குள் வரக்கூடாது. அதே மாதிரி எங்கள் வீட்டு வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து கோடு போட்டார், ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்தார். வந்தவர்கள் எல்லாம் கேட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். "என்னையும் ஒரு ஷெட்டு ஆக்கிப்போட்டீங்க" என்று நான் கிண்டல் செய்தேன். மூச்சு வழியாகப் பரவும் காய்ச்சலுக்குக் காலைக் கழுவி என்ன பயன் என்று உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் சேலத்துக்குப் போனார். காலையில் போனவர் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் போன் செய்தார். "கெடைச்சுருச்சு!" என்ற அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எங்கள் வீட்டில் சொன்ன அன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

கோழி மருந்து வாங்கும் தெர்மாக்கோல் பெட்டியைக் காலையிலேயே கையோடு கொண்டுபோயிருந்தார். மருந்தைக் குளிர்ச்சி விடாமல் கொண்டுவருவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குஞ்சுகளுக்குக் கண்ணில் தடுப்பு மருந்து சொட்டு விடும் நாளில் அவர் வேறு ஆளாகிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், சீசாவை உள்ளங்கையில் மூடிப் பிடிக்கக்கூடாது, கைச்சூடு பட்டாலே மருந்து போச்சு என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருப்பார். அந்த மருந்து பொடியாக இருக்கும், உறைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு ஐஸ் வைத்தாலும் தகும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சீசாகூட அவர் கையில் கெட்டதில்லை.

கடைக்காரர் அவரிடம், "கூலிங்ல வெச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் பெட்டி நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் குழி பறித்து, அந்தச் சின்ன அட்டைப் பெட்டியை பாலிதீனில் சுற்றிப் புதைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடிக் கொண்டுவந்தார். மறுநாள் ஞாயிறு, டாக்டர் கிடையாது. அதனால் பண்ணை அறையில் குளிர்பெட்டியின் மேல்தட்டில், ஐஸ் கட்டும் இடத்தில், கோழி மருந்துக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நானும் பார்த்தேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். அட்டைப் பெட்டிக்குள் இருந்த விவரத் தாளை எடுத்து, கர்ப்பிணி என்ற சொல் எங்கே வருகிறது என்று மட்டும் தேடிப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதே தாளில் உறைய விடக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததாம். அன்று பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெட்டியைத் திறந்தார். ஐஸைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ஊசியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மருந்து நகரவில்லை, கட்டியாக நின்றது. டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் வெளியே வந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "இது உறையக்கூடாதும்மா. உறைஞ்சா மருந்து வீணாயிரும். போட்டாலும் பிரயோஜனம் இல்ல, நான் போட மாட்டேன்."

என் கணவர், "கரைஞ்சதும் செரியாயிருமுங்களா?" என்று கேட்டார். "ஆகாதுங்க" என்றார் டாக்டர். இவர் மறுபடியும், "நல்லாக் குளிர்ச்சியாத்தானுங்களே வெச்சிருந்தேன்" என்றார். டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கார் நிறுத்தும் இடம் வரை நான் முன்னால் நடந்தேன். அங்கே வந்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்துவிட்டது. "நீங்க வேணும்னேதான் பண்ணுனீங்க. உங்கம்மா சொல்றதத்தான் நீங்களும் நம்பறீங்க. இந்த ஊசி எனக்குப் போடக்கூடாதுன்னுதான் கெடுத்துப்போட்டீங்க. இந்தப் பிள்ளையும் போனா உங்களுக்கு நிம்மதியா?"

பொய் என்று சொல்லும்போதே தெரியும். நானும்தானே அந்தக் குளிர்பெட்டியைப் பார்த்தேன்? ஆனால் பயம் பிடித்தவளுக்கு யாரையாவது கடித்தால்தான் மூச்சு வரும் போலிருக்கிறது. அவர் பெட்டியில் இருந்த ஐஸை வேப்பமரத்தடியில் கொட்டினார். வெறும் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தார். காரை எடுத்தார்.

பாதி வழியில் அவர் தும்மினார்.

நான் கண்ணாடியை இறக்கினேன். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் தும்மினார். துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு உள்ளே வரவில்லை, நேராகப் பண்ணை அறைக்குப் போய்விட்டார். காலையில் போன் செய்தார். காய்ச்சல் அடிக்கிறது, பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன், யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். சாயங்காலம் முடிவு வந்தது. ஃப்ளூவேதான்.

அதற்கு முந்தைய எல்லா நாளும் நான் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் மூச்சு என் கழுத்தில் படும். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னேனே, அன்றும் அப்படித்தான். கண்ணாடி முன் நின்று தொண்டையைப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எச்சில் விழுங்கும்போது வலிக்கிறதா, வலிக்கவில்லையா? வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அது புரளப் புரள எனக்கு அழுகை வந்தது. போன தடவையும் இப்படித்தான் புரண்டுகொண்டிருந்தது, கடைசி வரை.

லேடி டாக்டருக்குப் போன் போட்டேன். பயப்படாதே, முன்னெச்சரிக்கைக்கு மாத்திரை சொல்கிறேன், இன்றே ஆரம்பித்துவிடு, காய்ச்சல் துளி தெரிந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், நாளை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது என்றார். ஊசியையும் விட்டுவிடாதே, எங்கேயாவது கிடைத்தால் போட்டுக்கொள் என்றார். போனை வைக்கும் முன், "குழந்தைங்க டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு, அவங்க பிள்ளைங்களுக்குப் போடுவாங்க" என்றார்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போனை எடுத்து உட்கார்ந்தேன். நாமக்கல், சேந்தமங்கலம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் வரை குழந்தை டாக்டர் என்று போட்டிருந்த எண்களையெல்லாம் கூப்பிட்டேன். சிலர் எடுக்கவில்லை. சிலர், பெரியவர்களுக்குப் போடுவதில்லை என்று வைத்துவிட்டார்கள். ராசிபுரத்தில் ஒரு கிளினிக்கில் எடுத்த பெண், "எத்தனாவது மாசங்க?" என்று கேட்டாள். ஆறு முடியப்போகிறது என்றேன். "இருங்க" என்று போய், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, "வாங்க, ஒண்ணு எடுத்து வெக்கிறேன். சீட்டு மட்டும் மறக்காமக் கொண்டாங்க" என்றாள். அந்தப் பெண் எதிரே இருந்திருந்தால் அந்த நிமிஷமே அவள் காலில் விழுந்திருப்பேன்.

கார் ஓட்ட ஆள் இல்லை. வாடகைக் கார் பிடித்தேன். மாமியார் நானும் வாரேன் என்று கிளம்பி நின்றார். "உங்களுக்குத்தான் ஊசின்னா ஆவாதே, எதுக்கத்தை வாறீங்க?" என்றேன் வெடுக்கென்று. "ஆவாதுதான். அதுக்குன்னு உன்னையத் தனியா உட முடியுமா சாமி?" என்றார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ராசிபுரம் வரை ஓட்டுநரை ஒரு வார்த்தை பேச விடவில்லை.

கிளினிக் வாசலில் எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தை டாக்டர் என்றால் குழந்தைகள் இருக்குமே, அதை நான் யோசிக்கவே இல்லை. சளி பிடிக்கும் மழைக்காலம், உள்ளே இருபது பிள்ளைகள், இருபதும் இருமுகின்றன. மூக்கு ஒழுகும் ஒரு குட்டி என் சேலையைப் பிடிக்க வந்தது. நான் துள்ளிப் பின்வாங்கி மழையில் போய் நின்றேன். அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. மாமியார் உள்ளே போய் என்ன சொன்னாரோ, போனில் பேசிய பெண் வந்து பக்கத்துச் சந்து வழியாகப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

அவள் ஊசியை எடுத்துவந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இது உறையலீங்களே?" என்பது. அவள் அதைச் சாய்த்துக் காட்டினாள். மருந்து நகர்ந்தது. தேதியையும் காட்டினாள். டாக்டர் வந்தார். மாமியார் கைகூப்பி, "ஏனுங்க, இதப் போட்டா வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே? ஒண்ணு போயிருச்சுங்க" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. டாக்டர் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார், இது உயிருள்ள கிருமி இல்லை, இதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, காய்ச்சல் வந்தால்தான் கெடுதல் என்று. என்னிடம், ஊசி முழுதாக வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதுவரை கணவர் தள்ளியே இருக்கட்டும் என்றார்.

ஊசி சுருக்கென்று குத்தியது, அவ்வளவுதான். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், பத்து நிமிஷம். அத்தை சொன்னதுதான் சரியோ, தேடித் தேடி வந்து நானே என் பிள்ளைக்கு எமனை வாங்கிக் கொடுத்தேனோ என்று நினைப்பு ஓடியது. வாய்விட்டுச் சொல்லவும் பயம். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்து என் வாயில் வைத்தார், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கைக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அழுதோம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம். பண்ணை அறைக்குப் போசியில் சோறு போட்டு மாமியார் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்புவார். என் கணவருக்கு நாலு நாள் கடும் காய்ச்சல், பிறகு இறங்கியது. போனில் பேசுவோம். சாப்பிட்டாயா, காய்ச்சல் இருக்கிறதா, அசைகிறதா, இந்த மூன்று கேள்விதான் கேட்பார். கார் நிறுத்துமிடத்தில் நான் சொன்னதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். போனில் கேட்கிற விஷயமா அது, நேரில் பார்க்கும்போது கேட்போம் என்று தள்ளிப் போடுவேன். நாள் முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. மகள் மாசம் நிறைந்து நல்லபடியாகப் பிறந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை காப்பாற்றியதா, ஊசி காப்பாற்றியதா, அவர் தள்ளி இருந்தது காப்பாற்றியதா, எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது அதுவும் அல்ல.

பதினைந்தாம் நாள் காலை கேட் சத்தம் கேட்டது. அவர் வெளியே நின்றார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் வாசலுக்கு வந்தேன். எடுத்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, "அங்கயே நில்லுங்க" என்றுதான் வாயில் வந்தது.

நின்றார். "அசையுதா?" என்று கேட்டார்.

"அசையுதுங்க."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, போன் எடுத்தால் பேசுவாரே அதே குரலில், சாதாரணமாகச் சொன்னார். "போன தடவ அந்தக் காய்ச்சல நாந்தான் கொண்டாந்தேன். முட்டை லோடு எடுக்க வந்த லாரி ட்ரைவருக்குக் காய்ச்சல். அவங்கூட ரெண்டு நா முன்சீட்டுல உக்காந்து போயிட்டு வந்தேன். எனக்கும் ஒடம்பு சுட்டுது. மாத்தரை போட்டுக்கிட்டு உங்கிட்ட சொல்லல. உம்பக்கத்துலயேதான் படுத்தேன். அம்மா ஊசியாலன்னு சொல்லறப்ப எல்லாம், அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

இத்தனை நாள் அவர் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். கடை கடையாக அலைந்து, ஐஸில் புதைத்து, அதற்குமேல் ஐஸ் போட்டு மூடிக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். அவரைப் பார்த்து நான் கேட்டேன், இந்தப் பிள்ளையும் போனால் உங்களுக்கு நிம்மதியா என்று.

"இன்னும் ரெண்டு நா போகட்டுங்க," என்றேன்.

"செரி சாமி. நானும் அதத்தான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பத்தடி தூரம்தான். நான் போகவில்லை. பயமாக இருந்தது.